குருட்டுக் கண்ணின் வரலாறு

மரபுத்தொடருக்குச் சொற்பொருள் மட்டும் கண்டால் போதாது. அதன் வரலாற்றையும் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் வழங்கும் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பதற்குக் கண்டும் காணாதது போல் இருத்தல் என்பது பொருள். இத்தொடரோடு ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது.

1794ஆம் ஆண்டு, கார்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் அவர் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். 1801 ஏப்ரல் 2ஆம் நாள் கோப்பன்ஹேகன் கடற்போரில், போரை நிறுத்துமாறு தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் கொடிச் சைகை காட்டினார். நெல்சனோ தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்து, சைகை தெரியவில்லை என்றார் என்பர். போர் தொடர்ந்தது, வெற்றியும் கிட்டியது.

அச்செயல் அன்று துணிவெனப் போற்றப்பட்டது; இத்தொடரோ இன்று தவற்றைக் கண்டும் வாளாவிருப்போரைக் கடிய வழங்குகிறது. இதனை உணர்ந்த மாணவர், ‘குருட்டுக் கண்ணைத் திருப்பினான்’ என்று மொழிபெயர்க்க மாட்டார்.