சாதிக் கயிறும் சக மாணவர்களும்: பள்ளியில் விலக்கலைத் தாங்கி நிற்பது எது?

2019 ஜூலை இறுதியில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறங்களில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். நிறத்தைப் பார்த்தே இன்னார் இன்ன சாதி என்று தெரிந்துகொள்கிறார்கள். விளையாட்டுக்கு ஆள் எடுப்பதும், இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஒன்றுகூடுவதும் அதன்படியே நடப்பதாகத் தெரிகிறது என்றது அது. சமூக உளவியலில் தப்பெண்ணத்தைப் பற்றிப் படிப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விவரத்தை. பந்து யார் கைக்குப் போகிறது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பவற்றில்தான் விலக்கல் நாள்தோறும் நடந்தேறுகிறது.

பள்ளிச் சாதியத்தை ஒவ்வொரு மாணவனின் மனத்திலும் படிந்த அழுக்காகக் கருதி, அறிவுரையால் கழுவிவிடலாம் என்று நினைப்பதே நம்மிடையே வழக்கம். உறுதிமொழி, சிறப்புச் சொற்பொழிவு, கட்டுரைப் போட்டி எல்லாம் அந்த நினைப்பிலிருந்து வருபவை. என் வாதம் வேறு. மாணவனின் சொந்த வெறுப்பைவிட, ‘நம்ம பசங்க என்ன நினைப்பாங்க’ என்று அவன் போடும் கணக்கே விலக்கலைப் பெரிதும் தாங்கி நிற்கிறது. அந்தக் கணக்கைச் சமூக நியதி பற்றிய கணிப்பு எனலாம். அளக்க வேண்டியதும் மாற்ற முயல வேண்டியதும் அதைத்தான்.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் போகஹாண்டஸ் நிலக்கரி வயலில் கறுப்பின, வெள்ளையினத் தொழிலாளர்களின் உறவைப் பற்றி மினார்ட் என்ற ஆய்வாளர் 1952இல் எழுதினார். சுரங்கத்துக்குள் இரு தரப்பினரும் ஒன்றாக வேலை செய்தார்கள். வேலை முடிந்து மேலே வந்ததும் ஊரின் நிறவேலிக்குள் அவரவர் பிரிந்துபோனார்கள். வெள்ளைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர் மேலும் கீழும் ஒரே மாதிரி நட்பாகவும், இன்னொரு 20 விழுக்காட்டினர் இரண்டு இடத்திலும் பகையாகவும் நடந்துகொண்டதாக அவர் மதிப்பிட்டார். மீதி 60 விழுக்காட்டினரின் நடத்தை, சுரங்க வாயைக் கடக்கும்போதெல்லாம் மாறியது. இந்த 60 விழுக்காட்டினரின் தப்பெண்ணத்தை வினாத்தாள் கொடுத்து அளந்தால் எந்த எண் கிடைக்கும்? எங்கே வைத்துக் கேட்டோம் என்பதைப் பொறுத்தது அது. ஆள் அதே ஆள்தான். அவனைச் சுற்றியிருந்த எதிர்பார்ப்புதான் வேறு.

மினார்டுடையது அவதானிப்பு. சமூக உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக் இதையே கள ஆய்வில் சோதித்தார். இனப்படுகொலைக்குப் பிந்தைய ருவாண்டாவில், சமரசத்தைப் பேசும் வானொலித் தொடர் ஒன்றைச் சில சமூகங்களுக்கும் உடல்நலம் பற்றிய தொடர் ஒன்றை வேறு சிலவற்றுக்கும் ஓராண்டு கேட்கச் செய்தார். 2009இல் வெளியான முடிவு துறையையே யோசிக்க வைத்தது. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ‘எங்கள் ஊரில் கலப்பு மணம் ஏற்புடையதா, மாற்றுக் கருத்தை வாய்விட்டுச் சொல்லலாமா’ என்பவை பற்றிய கணிப்பு மாறியது. நடத்தையும் அதோடு மாறியது. ஆய்வின் முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு டேப் ரெக்கார்டரும் ஒலிநாடாக்களும் கொடுத்தார்கள். உடல்நலத் தொடர் கேட்டவர்கள் அதை ஊர்த் தலைவரிடமே ஒப்படைத்துவிட முனைந்தார்கள். சமரசத் தொடர் கேட்டவர்களோ, யார் வைத்துக்கொள்வது, எப்படிப் பகிர்வது என்று தங்களுக்குள் வாதாடித் தாங்களே பொறுப்பேற்றார்கள். மனம் மாறும்வரை காத்திருக்காமலே நடத்தை நகர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

விளையாட்டில் சேர்க்காததும் தனியே சாப்பிட விடுவதும் சிறுபிள்ளைச் சங்கதிகள் என்று தள்ளுவோர் ஆசிரியர்களிலும் உண்டு. கிப்ளிங் வில்லியம்ஸின் ஆய்வுகள் அந்த அலட்சியத்தை மறுக்கின்றன. பூங்காவில் உட்கார்ந்திருந்த அவர்மீது ஒரு பிளாஸ்டிக் தட்டு வந்து விழ, அதை அவர் திருப்பி எறிந்தார். எறிந்த இருவரும் சிறிது நேரம் அவரையும் சேர்த்து விளையாடிவிட்டு, திடீரென்று தங்களுக்குள் மட்டும் எறியத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாத இருவர் விலக்கியதே அத்தனை உறுத்தியது. அதைக் கணினியில் பந்தெறியும் ஆட்டமாக்கி அவரும் சகாக்களும் சோதித்தார்கள். சில நிமிடம் பந்து வராமல் போனாலே, தான் சேர்ந்தவன் என்ற உணர்வும் தன்மதிப்பும் சரிந்தன. விலக்குபவர்கள், விலக்கப்பட்டவர் வெறுக்கும் இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்களே ஆனாலும் வலித்தது. முன்பின் தெரியாதவர்களின் சில நிமிட விலக்கலே இந்த அளவு என்றால், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு முழுக்க, தெரிந்த முகங்களாலேயே, பிறப்பைக் காட்டி விலக்கப்படும் பிள்ளையின் நிலையை ஆய்வுக்கூடம் அளந்துவிட முடியாது.

படிப்பையும் அது தின்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் உயர்சாதியில் 321, ஒடுக்கப்பட்ட சாதியில் 321 சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 2006இல் வெளியான ஆய்வு இது. சாதி வெளியே தெரியாதபோது இரு தரப்புக்கும் திறனில் வேறுபாடு இல்லை. சிறுவனின் பெயர், ஊர், தந்தை பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் முடித்த புதிர்கள் குறைந்தன. யாரும் யாரையும் இழித்துப் பேசவில்லை, வாசித்ததோடு சரி. நம் வகுப்பறைகளில் அந்த வாசிப்பைக் கயிறு நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் போதுமா? ஒருவரோடு ஒருவர் பழகினால் தப்பெண்ணம் குறையும் என்ற கருத்தை கோர்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்தபோதே நிபந்தனைகளும் விதித்தார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. நிபந்தனைகள் எவ்வளவு முக்கியம் என்பதை மாட் லோ உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்திய கிரிக்கெட் தொடர் காட்டியது. 800 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் ஒரே சாதி அணிகளிலும் பல சாதி அணிகளிலும் சேர்த்தார். ஒரே அணியில் பிற சாதியாரோடு ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நட்பு கூடியது, தன் சாதிக்காரனுக்கே சலுகை காட்டுவது குறைந்தது. எதிரணியில் பிற சாதியாரைச் சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கயிற்றைப் பார்த்து அணி பிரிக்கும் பள்ளி மைதானத்தில் பிற சாதிப் பையன் எப்போதும் எதிரணியில்தான் இருக்கிறான்.

நான்காவது நிபந்தனையான அதிகாரத்தின் ஆதரவு தமிழ்நாட்டில் கண்முன்னே முறிந்தது. சுற்றறிக்கை வெளிவந்து சில நாள்களிலேயே, அது தமக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் அறிவித்தார். ஒரு சுற்றறிக்கை திரும்பப் பெறப்படுவது அது அனுப்பப்படாததைவிட மோசம். கயிறு கட்டியவனுக்கு அரசே துணை என்ற செய்தியும் சேர்ந்தே போய்ச் சேர்கிறது.

பாலக்கும் சகாக்களும் 2012-13 கல்வியாண்டில் நியூ ஜெர்சியின் 56 நடுநிலைப் பள்ளிகளில் செய்த ஆய்வில் வருவதும் ஒரு கைப்பட்டைதான், ஆனால் அதன் வேலை வேறு. பாதிப் பள்ளிகளில் சிறு குழுவாக மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, சண்டைக்கும் கொடுமைப்படுத்தலுக்கும் எதிராக வெளிப்படையாக நிற்கும்படி ஊக்குவித்தார்கள். என்ன செய்வது என்பதை மாணவர்களே முடிவுசெய்தார்கள். நல்லபடி நடந்துகொண்டவருக்கு ஆரஞ்சு நிறக் கைப்பட்டை கொடுப்பது அவற்றில் ஒன்று. ஒழுங்கு நடவடிக்கைக்கு வந்த மாணவர் மோதல்கள் ஓராண்டில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தன. யாருடன் நேரம் கழிக்கிறாய் என்று எல்லா மாணவர்களையும் கேட்டு, அதிகம் பேர் பெயர் சொன்ன மாணவர்கள் யார் என்று முன்கூட்டியே கண்டறிந்திருந்தார்கள். அத்தகையோர் குழுவில் கூடுதலாக இருந்த பள்ளிகளில் விளைவும் கூடுதல்.

அமெரிக்கப் பள்ளிச் சண்டையும் தென்மாவட்டத்துச் சாதியும் ஒன்றல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தனக்கு நடந்ததைப் பள்ளியில் தெரிவித்ததற்குக் கிடைத்த தண்டனை அது. நியதி என்பது கணிப்பு மட்டுமன்று, அரிவாளும்தான் என்பதை இந்தத் துறையில் எழுதுபவர்கள் ஒருபோதும் மறக்கலாகாது. நிலம், கோயில், ஊர் அதிகாரம் ஆகியவற்றில் வேர்விட்டது பள்ளி மதிலுக்குள் மட்டும் பட்டுப்போகாது. முதலில் எதிர்த்து நிற்கும் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தைத் தலித் பிள்ளையின் தலையில் ஏற்றும் எந்தத் திட்டமும் அறமாகாது.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறிக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை, ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியினரை அங்கே கல்வி அதிகாரிகளாகவும் தலைமை ஆசிரியர்களாகவும் அமர்த்தாமை ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. உளவியல் நோக்கில் இவை வலுவானவை. சாதியை உரக்க வாசிக்கும் சாதனங்களை நீக்குகின்றன. அதிகாரம் யார் பக்கம் என்ற கணிப்பை மாற்றுகின்றன.

அதே குழுவின் ‘சமூக நீதி மாணவர் படை’ அமைக்கும் பரிந்துரையில்தான் ஆய்வின் துணை மிகவும் தேவை. ஆசிரியரிடம் விட்டால் அவர் தேர்ந்தெடுப்பது நன்றாகப் படிக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகளைத்தான். சாப்பாட்டு நேரத்தில் யாரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். மாணவர்களையே கேட்டு அப்படிக் கூட்டம் கூடும் பிள்ளைகளைக் கண்டறிய வேண்டும். அவர்களில் ஆதிக்கச் சாதிப் பையன்கள், இன்று கயிறு கட்டுபவர்கள்கூட, கணிசமாக இருப்பார்கள். கயிற்றை அவிழ்க்கும் முதல் செயல் அவர்களிடமிருந்து வர வேண்டும். அவர்கள் அவிழ்த்தால்தான் ‘நம்ம பசங்க’ பற்றிய கணக்கு மற்றவர்களுக்கு மாறும். வரும் ஆபத்தைத் தாங்கும் வலுவும் ஒப்பீட்டளவில் அவர்களுக்கே உண்டு. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வேறு சாதிப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவாயா? உன் வகுப்பில் எத்தனை பேர் அப்படிச் சாப்பிடுவார்கள் என்று நினைக்கிறாய்? இரண்டு விடைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு பள்ளியிலும் வேறுபடும். தூரம் பெரிதாக உள்ள பள்ளிகளில் மாணவர் படையைத் தொடங்கலாம். முதல் கேள்விக்கே ‘மாட்டேன்’ என்பவர்கள் பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளில் அதற்கு முன்பாகத் தலைமை ஆசிரியரிலிருந்தும் ஊரிலிருந்தும் தொடங்க வேண்டியிருக்கும்.