பக்கவாட்டு உருவப்படம்

பக்கவாட்டு உருவப்படம் என்பது நெற்றி, மூக்கு, தாடை ஆகியவற்றின் விளிம்புக்கோடு தெரியும்படி முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் ஓவியம் அல்லது சிற்பம். ஐரோப்பியக் கலையில் இது முதலில் ஆட்சியாளர்களின் அடையாளமாக இருந்தது. 15ஆம் நூற்றாண்டு முதல் அறிஞர்களுக்கும் உரியதாகி, அறிவாற்றலின் குறியீடாக வளர்ந்தது.

நாணயமும் பதக்கமும்

உரோமப் பேரரசர்களின் நாணயங்களில் பக்கவாட்டு முகமே வழக்கம். அந்த நாணயங்களை விரும்பிச் சேகரித்த மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் அதே பாணியில் பதக்கங்களை வார்த்தனர். பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுக்கு 1438 வாக்கில் பதக்கம் செய்த இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ, பின்னர் மாந்துவா நகரில் பள்ளி நடத்திய விட்டோரினோ த ஃபெல்ட்ரேவுக்கும் ஒன்று செய்தார். அரசருக்குரிய சிறப்பு ஓர் ஆசிரியருக்கும் கிடைத்தது.

எராஸ்மஸ் ஓவியங்கள்

ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1523இல் மறுமலர்ச்சிக் கால அறிஞர் எராஸ்மஸைப் பக்கவாட்டில் வரைந்த இரு படங்கள் பாரிஸின் லூவரிலும் பாசெல் கலைக்கூடத்திலும் உள்ளன. இரண்டிலும் கறுப்புத் தொப்பி அணிந்த எராஸ்மஸ், இமைகள் தாழ, இதழ்கள் இறுக, எழுதிக்கொண்டிருக்கிறார். பாசெல் படத்தில் தாளிலுள்ள எழுத்துகளைப் படிக்கவும் முடியும்; அவை மாற்கு நற்செய்திக்கு அவர் எழுதிய விளக்கவுரையின் தொடக்கம். பார்வை காண்போரைத் தவிர்த்துத் தாளிலேயே நிற்பதால், சிந்தனையில் மூழ்கிய மனம் கண்முன் வருகிறது. அறிவைச் சுட்டுபவை அந்தப் பார்வையும் பேனாவும்தான். மூக்கின் வடிவம் அன்று.

முகக்குறி நூல்

பார்வைக்கும் முக வடிவத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைச் சூரிச் நகரப் போதகர் லாவாட்டர் கருத்தில் கொள்ளவில்லை. 1775 முதல் 1778 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நூலில், முகத்தின் விளிம்புக்கோட்டிலிருந்தே குணத்தையும் அறிவையும் அறியலாம் என்றார். ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, மெழுகுவத்தி ஒளியில் திரையில் விழும் நிழலை வரைந்தெடுக்கும் முறையையும் அந்நூல் பரப்பியது. கோட்டிங்கன் அறிஞர் லிச்டன்பர்க் இக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். அதேபோல் பக்கவாட்டு முகத்தின் சாய்வை அளக்க நெதர்லாந்து மருத்துவர் காம்பர் வகுத்த முகக்கோணம் 19ஆம் நூற்றாண்டில் இனங்களைத் தரம் பிரிக்கப் பயன்பட்டது. இன்றைய அறிவியல் இவற்றை ஏற்பதில்லை.

இன்றைய வழக்கு

கொள்கை வீழ்ந்தாலும் குறியீடு நிலைத்தது. எரிக் லிண்ட்பெர்க் வடித்த நோபல் பதக்கத்தின் முன்புறத்தில் இருப்பது ஆல்ஃபிரட் நோபலின் பக்கவாட்டு முகம்; பரிசு பெற்றவரின் பெயர் பின்புறத்தில் பொறிக்கப்படுகிறது.