இரண்டு மீட்டர் எருமை

விமானம் வீட்டுக்கு வந்தபோது அதன் வயிற்றுக்குள் எறும்புகள் குடியிருந்தன. செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக், இறந்து பல வருடமாகிறது. "தூக்கிப் போடத்தான் நெனச்சேன். வேணும்னா எடுத்துக்குங்க தம்பி" என்றார் அவர் மகன். லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

ஸ்பிட்ஃபயராக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பெரிய ரிமோட் விமானம் செய்கிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்வார்கள். துணியை விலக்கினால் குட்டையாக, பீப்பாய்க்கு இறக்கை ஒட்டியதுபோல ஒன்று. புரூஸ்டர் பஃபலோ. அசலில் ஐந்தில் ஒரு பங்கு. இறக்கை இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம்.

பெயரே எருமை. அமெரிக்கக் கடற்படையின் முதல் ஒற்றை இறக்கைத்தட்டுப் போர் விமானம் அது. ஐரோப்பாவில் ஜெர்மானியரோடு மோத லாயக்கில்லை என்று முடிவுசெய்த பிரிட்டன், தான் வாங்கிய 170-இல் பெரும்பாலானவற்றை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியது. நமக்கு இது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். இங்குள்ள சூட்டில் எஞ்சின் கொதித்தது. எடையோ அதிகம், மேலேறத் திணறும். சில படைப்பிரிவுகளில் கனமான துப்பாக்கிகளைக் கழற்றி இலேசானவற்றை மாட்டினார்கள், எரிபொருளையும் தோட்டாக்களையும் குறைத்தார்கள். அப்படியும் எதிரே வந்த ஜப்பானிய கி-43 இதைவிட லாவகமாகத் திரும்பியது.

இதே எருமையின் இலேசான ஆரம்ப வடிவத்தில் 44 விமானங்கள் பின்லாந்துக்குப் போயின. அங்கே குளிர். சோவியத் விமானங்களைச் சுட்டு வீழ்த்தி நல்ல பெயர் வாங்கியது. அவற்றில் ஒன்றை 1998-இல் ஒரு ருஷ்ய ஏரியிலிருந்து தூக்கினார்கள். ஆக, குற்றம் முழுக்க விமானத்தின் தலையில் இல்லை.

எடைப் பிரச்சினை என் மேசைமேலும் இருந்தது. மூக்கு குட்டை என்பதால் முன்பக்கம் ஈயம் வைத்தால்தான் சமநிலை நிற்கும். ரிப்பேர் என்ற பெயரில் வால்பக்கம் பத்து கிராம் பசையைக் கூடுதலாகப் பூசினால், அதைச் சரிகட்ட மூக்கில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஈயம். பழைய பேட்டரி கசிந்து ஒயர்களைக் கருக்கியிருந்தது, எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். பால்சா மரம் வருடக்கணக்கில் எஞ்சின் எண்ணெயைக் குடித்திருந்ததால் பசை ஒட்டவில்லை. அசிட்டோன் தடவி, முகப்பவுடரைக் கொட்டி, ஊறி மேலே வரும் எண்ணெயைத் துடைத்து, மறுபடி கொட்டி... மூன்று வாரம் ஆனது. வீடே குழந்தை வாசம். எஞ்சின் மூடியும் சும்மா விடவில்லை. அகலமான மூக்குக்குள் புகும் காற்று சிலிண்டரைத் தொடாமலே நழுவிப்போகும். உள்ளே தகடு வைத்துத் தடுத்து, சிலிண்டர் பக்கம் திருப்பவேண்டியிருந்தது. இந்த ஊர் வெயில் இன்னும் மாறவில்லை.

இடது இறக்கையின் பழைய பட்டுத்துணியை உரித்த அன்றுதான் அதைப் பார்த்தேன். நாலாவது விலா எலும்பில் பென்சிலில் எழுதியிருந்தார்: சுங்கை பட்டாணி 8.12.41.

அன்று காலை சுங்கை பட்டாணி விமானத்தளத்தில் ஆஸ்திரேலியர்களின் பஃபலோக்கள் நின்றிருந்தன. ஜப்பானியர் வந்து குண்டு போட்டார்கள். என் பாட்டி அப்போது பதினோரு வயதுப் பெண், பக்கத்துத் தோட்டத்து லயத்தில். பால்மரக் காட்டுக்குள்ளிருந்து எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினார்களாம். "வட்டம் போட்டிருந்துச்சுய்யா. வட்டம் போட்டதெல்லாம் நம்ம ப்ளேன்னுதானே நெனச்சோம்!"

ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் விமானத்தில் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு வட்டம். இந்தக் குழப்பம் பாட்டிக்கு மட்டும் வந்ததல்ல. பின்னாளில் கிழக்கே பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் நடுச்சிவப்பை எடுத்தே விட்டார்கள்.

ஆனால் எனக்கு உறுத்தியது அந்த 'நம்ம'. சில நாட்களுக்குள் பினாங்கிலிருந்த ஐரோப்பியர்களை இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, மற்றவர்களைக் கைவிட்டார்கள். பாட்டியின் தோட்டத்துத் துரையும் காரில் போய்விட்டான். பாட்டியின் அண்ணன் பிறகு சயாம் ரயில் பாதை போடப் போனார், திரும்பவில்லை. யாருடைய விமானத்தை நான் இவ்வளவு பக்தியாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்? ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

திரும்பப் போனதற்குக் காரணம் அந்தப் பென்சில் எழுத்து. எழுதியவர் விமானப்படைக்காரர் இல்லை. அவரும் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்த பையனாக இருந்திருக்கலாம். துணி மூடினால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால் அந்த விலா எலும்பில் பாதியை எறும்பு அரித்திருந்தது. பறக்கவிட வேண்டுமானால் மாற்றியாக வேண்டும், காற்றில் இறக்கை மடங்கினால் கீழே நிற்பவர் தலைக்கு ஆபத்து. எழுத்தை வெட்டி எடுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க எனக்கு மனசில்லை. எழுத்தில்லாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் பிளைவுட்டை முழு நீளத்துக்கும் ஒட்டினேன். சமநிலைக்காக வலது இறக்கையிலும் அதே அளவு. எதிர்பார்த்ததைவிட எடை கூடியது. அசல் எருமைக்கும் அதே நோய்தானே.

போன ஞாயிறு தரையில் மட்டும் ஓடவிட்டேன். எஞ்சின் கொதிக்கவில்லை. பச்சையும் மண்ணிறமும் அடித்து முடித்தாயிற்று. இறக்கையில் நீலமும் வெள்ளையும் போட்டுவிட்டேன். நடுச்சிவப்பு டப்பா இன்னும் திறக்காமல் இருக்கிறது.