சிறுநீரகமும் ஒரு கணக்கும்

பெரம்பூரில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, "சார், ஒண்ணுக்கு" என்று அடிக்கடி எழுந்த பிள்ளைகளை அதட்டி உட்கார வைத்திருக்கிறேன். அது நோயாகவும் இருக்கலாம் என்று அன்று நான் நினைக்கவில்லை.

சிறுநீரகத்தின் வேலையை ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவை வைத்துப் பார்ப்பார்கள். அதைக் கண்டறியும் வேதிவினையை 1886-இல் ஜெர்மனியின் மாக்ஸ் யாஃபே சொன்னார். ஆனால் தசை குறைவான குழந்தைக்குப் பெரியவர்களின் அளவு பொருந்தாது. 1976-இல் அமெரிக்க மருத்துவர் ஷ்வார்ட்ஸ் உயரத்தையும் கணக்கில் சேர்த்தார். 2009-இல் திருத்திய சூத்திரம்: 0.413 × உயரம் ÷ கிரியாட்டினின். 100 செ.மீ. பிள்ளைக்குக் கிரியாட்டினின் 1 என்றால் விடை 41. பெரியவருக்குச் சரியான அதே 1, இந்தப் பிள்ளைக்குப் பாதிக்கும் குறைந்த செயல்திறன்!

அடைப்பு, வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் காட்டும், தழும்பை டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் காட்டும்.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, எழுந்து கேட்கும் குழந்தையை உடனே அனுப்புங்கள். அடிக்கடி கேட்டால் பெற்றோரிடம் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.