துணைவிலங்கின் கதை

கதைத்தலைவன் பக்கத்தில் நின்று, அவன் அறியாததை அறிந்து, அவனால் இயலாததைச் செய்து முடித்து, புகழை மட்டும் அவனுக்கே விட்டுவிடும் விலங்கொன்றை இன்றைய பிள்ளைகள் நன்கறிவர். தொலைக்காட்சியில் வரும் உயிரோவியத் தொடர்கள் பலவற்றில் அத்தகைய துணைவிலங்கு ஒன்று தவறாமல் இடம்பெறுகிறது. 1983-ஆம் ஆண்டில் தொடங்கி 86 பகுதிகளாக வெளிவந்த 'இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' தொடரில் வரும் 'பிரெய்ன்' என்னும் நாய் அவ்வினத்துக்குச் சிறந்த சான்று. அதன் பெயருக்கே மூளை என்பதுதான் பொருள். துப்பறிவாளர் கேட்ஜெட் உடல் முழுவதும் கருவிகள் பொருத்தப்பெற்றவர். ஆயினும் வழக்கின் முடிச்சை அவிழ்ப்பவர் அவரல்லர். பென்னி என்னும் சிறுமி உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். கழுத்துப்பட்டையிலுள்ள கருவிவழி அவள் சொல்வதைக் கேட்டு, இரண்டு காலால் நடந்து, வேடம் பல புனைந்து கேட்ஜெட்டின் உயிரைக் காக்கிறது நாய். அவரோ வேடமிட்ட நாயைப் பகைவரின் ஆள் என்று எண்ணித் துரத்துகிறார்! இறுதியில் பாராட்டுப் பெறுபவரும் அவரே.

இதனை மேலைநாட்டுப் படக்கலைஞரின் புதுப்புனைவு என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது. அறிவுடைய விலங்கு கதைக்குள் புகுந்த வரலாறு நெடியது; அவ்வரலாற்றின் ஒரு கண்ணி மலாய் உலகோடும் சிங்கப்பூரோடும் தமிழ்மொழியோடும் பிணைந்து கிடக்கிறது.

பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட செய்தி தமிழ் கற்போர் அனைவரும் அறிந்தது. உள்ளிருந்தோர் பசியால் வாடாதவாறு கபிலர் கிளிகளைப் பழக்கி, வெளியே விளைந்த நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்தார் என்று அகநானூற்றில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். கோட்டையைக் காத்தவற்றுள் அக்கிளிகளும் அடங்கும். ஆயினும் அவற்றுக்குப் பெயரில்லை. பாட்டில் நிற்பது கபிலர் பெயரே. அனுமனை இவ்வரிசையில் வைத்தல் தகாது. வழிபடு தெய்வத்தைத் துணைப்பாத்திரம் என்று அளந்து பார்ப்பது முறையன்று.

பஞ்சதந்திரத்தில் நிலைமை வேறு. பிங்களகன் என்னும் சிங்கம் அரசன். கரடகன், தமனகன் என்னும் நரிகள் இரண்டும் பதவியிழந்த அமைச்சர் மரபின. காட்டில் கேட்ட எருதின் முழக்கத்துக்கு அரசன் அஞ்சுகிறான் என்பதைத் தமனகன் கண்டுகொள்கிறான். அந்த அச்சத்தையே ஏணியாக்கி, எருதைச் சிங்கத்துக்கு நண்பனாக்கி, பின்னர் அந்நட்பைத் தானே முறித்து, எருதைக் கொல்வித்துப் பதவியை எட்டுகிறான். மித்திரபேதம் என்னும் முதல் தந்திரத்தின் சாரம் இதுவே. இங்கே விலங்கு தலைவனுக்குத் துணையாக நிற்பது போலத் தோன்றுகிறது. உண்மையில் கதையை நடத்துவது அது. அரசன் ஒரு கருவி. தமனகன் நல்லவன் அல்லன் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. நீதி நூல் என்று பெயர் பெற்ற ஒன்று, சூழ்ச்சியாளனை இத்துணை விரிவாக வரைந்து காட்டுவது பள்ளிப் பதிப்புகளில் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டது.

இந்நரிகள் நெடுந்தொலைவு நடந்தன. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பகலவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பவரால் அரபு மொழிக்கும் சென்றன. கரடகன் கலீலா ஆனான். தமனகன் திம்னா ஆனான். மேற்கே சுற்றி வந்த அக்கதை மலாய் மொழியிலும் 'ஹிக்காயத் கலீலா டான் டமீனா' என்று வழங்கியது.

மலாய் மக்களுக்கோ தமக்கே உரிய அறிவுவிலங்கு ஒன்று முன்பே இருந்தது. அது சருகுமான், மலாயில் 'சங் கஞ்சில்'. முயலினும் சற்றே பெரிதான இவ்விலங்குக்குக் கொம்பு இல்லை. புலியும் முதலையும் உலவும் காட்டில் அதற்குரிய படைக்கலம் சொல் ஒன்றே. ஆற்றின் அக்கரையில் பழம் கனிந்திருக்கிறது, இடையே முதலைகள். சுலைமான் நபியின் ஆணைப்படி உங்களை எண்ண வந்திருக்கிறேன், வரிசையாக நில்லுங்கள் என்கிறது சருகுமான். நின்ற முதுகுகளின்மேல் எண்ணிக்கொண்டே தாவி அக்கரை சேர்கிறது. குளவிக்கூட்டை மன்னரின் முரசு என்று சொல்லிப் புலியை அதன்மேல் அடிக்க வைப்பதும் இதே முறையால்தான். இல்லாத தலைவனின் ஆணையைக் காட்டி வேலையை முடித்துக்கொள்ளும் 'துணைவன்' இது! அத்தலைவனோ கதைக்குள் வருவதேயில்லை. இதற்கு ஈடான நகைச்சுவை பஞ்சதந்திரத்திலும் குறைவு.

மலாய் வரலாற்று நூலாகிய 'சஜாரா மலாயு' இவ்விலங்கைச் சிங்கப்பூரோடும் தொடர்புபடுத்துகிறது. சாவகத்துப் படையெடுப்பால் சிங்கபுரத்தை இழந்து வடக்கே சென்ற மன்னன், ஒரு மரத்தடியில் நின்றபோது அவனுடைய வேட்டைநாயை வெண்ணிறச் சருகுமான் ஒன்று உதைத்து நீரில் தள்ளியதாம். அவ்விடத்தில் எழுந்த நகரே மலாக்கா. அம்மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்கள் உள்ளன. சிங்கப்பூரில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட பெரிய சருகுமான் 2008-ஆம் ஆண்டில் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டது.

அந்த மலாக்காவில்தான் தமிழ்ப் பஞ்சதந்திரம் மலாய் மொழிக்குள் நேரே நுழைந்தது. 1835-ஆம் ஆண்டில் முன்ஷி அப்துல்லா அதனைத் தமிழிலிருந்து பெயர்த்து 'ஹிக்காயத் பஞ்ச தந்தரான்' என்று பெயரிட்டார். அப்துல்லா ராஃபிள்ஸின் எழுத்தராக இருந்தவர். புதிய சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளைக் கண்ணாற் கண்டு எழுதியவர். 1849-இல் சிங்கப்பூரில் அச்சேறிய 'ஹிக்காயத் அப்துல்லா' அவர் புகழை நிலைநாட்டியது. அவருடைய முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் செய்துகொண்ட அரபியர். பின்னர் மலாக்கா சேர்ந்தனர். சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதையும், மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்ததையும், கணக்கு வழக்குகளுக்கு அம்மொழி பயன்பட்டதையும் அவரே தம் நூலில் எழுதியுள்ளார். இரண்டரை ஆண்டுகள் கற்றிருக்கிறார்.

வாணிக மொழியாகவும் கதை வழங்கும் மொழியாகவும் தமிழ் இவ்வட்டாரத்தில் நின்ற காலம் அது. தமிழகத்தில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திர உரைநடை 1826-இல் வெளிவந்து ஒன்பது ஆண்டுகளே கடந்திருந்தன.

தமிழ் கற்றவராயினும் அப்துல்லாவுக்கு இம்முயற்சியில் ஒரு துணை வேண்டியிருந்தது. அத்துணை ஒரு தமிழ் நண்பர். மலாய் எழுத்தில் சற்றே திரிந்து நிற்கும் அவர் பெயரைத் தம்பி முத்து வீரபத்தர் என்று படிக்கலாம். மலாய் இலக்கிய வரலாறுகள் இப்பெயரைக் குறிப்பிடும்போது ஒரு வரிக்குமேல் செலவிடுவதில்லை. தமிழ் இலக்கிய வரலாறுகளுள் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையும் தருவதில்லை. 2019 சனவரியில், நகரம் அமைந்த இருநூறாம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கருகே முன்ஷி அப்துல்லாவுக்கும் நாராயண பிள்ளைக்கும் வேறிருவருக்கும் சிலைகள் வைக்கப்பெற்றன. எழுத்தருக்கு உரிய இடம் எழுத்தருக்குக் கிடைத்தது நன்றே. எழுத்தருக்குத் துணைநின்றவர் பிரெய்னைப் போல வேடத்தோடு நிற்கிறார்.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15-ஆம் நாள் தொடங்கிற்று. தொடங்கி வைத்தவர் அந்நாளைய கலாசார அமைச்சர் சி. ராஜரத்தினம். பெட்டி வந்தபின் பாட்டி சொன்ன விலங்குகளும் பெட்டிக்குள் செல்லத் தொடங்கின. அண்டை நாடாகிய மலேசியாவின் தேசியத் திரைப்பட நிறுவனத்தில் சருகுமான் கதையை முதன்முதல் உயிரோவியமாக வரைந்தவர் ஆனந்தம் சேவியர். 1978-இல் உருவான அவருடைய 'ஹிக்காயத் சங் கஞ்சில்' 1983-இல் ஒளிபரப்பாயிற்று. கேட்ஜெட்டின் நாய் திரைக்கு வந்த அதே ஆண்டு! ஆனந்தம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே தமிழாசிரியர் நிமிர்ந்து உட்காரக்கூடும். அவரையடுத்து ஹசான் முத்தலிப் 1984-இல் சருகுமானையும் குரங்கையும், 1987-இல் சருகுமானையும் முதலையையும் வைத்துப் படங்கள் செய்தார். 2011-இல் தொடங்கிய 'பாட சமான் டஹுலு' தொடரில் ஒரு தாத்தா பேரப்பிள்ளைகளுக்குச் சருகுமான் கதை சொல்கிறார். இப்படங்களிலெல்லாம் சருகுமான் எவருக்கும் துணையாகவில்லை. கதைத்தலைமை அதனிடமே உள்ளது.

இந்தியாவில் 2008-இல் ஐதராபாத்திலிருந்து வந்த 'சோட்டா பீம்' தொடர் வேறு வழியில் சென்றது. அதில் வரும் ஜக்கு என்னும் பேசும் குரங்கு, பீமனின் நண்பன். மரம் தாவும், சிரிக்க வைக்கும், ஆபத்தில் உடன் ஓடிவரும். வெற்றியைத் தருவது பீமன் உண்ணும் லட்டு. முதலையின் முதுகிலே சென்று, நெஞ்சை மரத்தில் விட்டுவந்தேன் என்று சொல்லி உயிர்தப்பிய பஞ்சதந்திரக் குரங்கின் வழித்தோன்றலுக்கு நகைப்பூட்டும் வேலை மட்டும் எஞ்சியது இரங்கத்தக்கது. வலிமைக்கு முன் அறிவு இரண்டாமிடம் பெறுவதைச் சிறுவர் அன்றாடம் பார்க்கின்றனர். கேட்ஜெட்டின் நாய் பாராட்டை இழந்தது. ஜக்கு இழந்ததோ சூழ்ச்சியை. வகுப்பறையில் ஆசிரியர் இவ்விரு குரங்குகளையும் அருகருகே வைத்துக் காட்டினால், மாணவர் தாமே வேறுபாட்டைச் சொல்வர்.

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையையொட்டிய ஐந்தடிகளில் கிளிசோதிடம் பார்ப்போர் அமர்ந்திருந்த காட்சி பலர் நினைவில் உண்டு. கூட்டைத் திறந்ததும் கிளி நடந்து வந்து, அடுக்கிய சீட்டுகளில் ஒன்றை அலகால் இழுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்லைப் பெற்றுக்கொண்டு கூடு திரும்பும். கபிலர் கிளிக்கும் நெல்தான் வேலை. இதற்கு நெல்தான் கூலி. சீட்டைப் படித்து, வந்தவர் முகத்தையும் படித்து, ஆறுதலாக நான்கு சொல் சொல்பவர் சோதிடர். 2010-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது அங்கிருந்த மணி என்னும் கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்லும் அணியைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. உலகச் செய்தியாளர் அதனைத் தேடி வந்தனர். நாளிதழ்த் தலைப்புகளில் கிளியின் பெயர் முன்னே நின்றது. அதனைப் பழக்கிய முதியவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இறுதியாட்டத்துக்கு மணி நெதர்லாந்தின் கொடியுள்ள சீட்டை எடுத்தது. சூலை 11-ஆம் நாள் ஸ்பெயின் வென்றது.