மலையகத்துத் தராசு

ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு பலன் தருகிறான் என்று கணிக்கும் சாஸ்திரம் நிர்வாகக் கல்விக்கூடங்களில் ஒரு பாடமாக ஏற்படுவதற்கு வெகுகாலம் முன்பே, இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில், அந்தக் கணக்கு அன்றாடம் நடந்துவந்தது. எனினும் அங்கே முதலில் அளக்கப்பட்டது உழைப்பின் பலன் அன்று, தலைகளின் எண்ணிக்கையே. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணிக்கு, அன்று வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கு இவ்வளவென்று ஒரு சிறு தொகையைத் தோட்டம் கொடுத்தது. ஆகையால் விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதே தோட்டத்தை நிர்வகித்த துரைக்கும் கங்காணிக்கும் முக்கியமான விஷயமாயிருந்தது.

1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பியை அழித்துவிட, மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. கோப்பி ஆண்டுக்கொரு பருவத்தில் பழுப்பது. தேயிலையோ, வாரத்துக்கு ஒருமுறை என்று ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கொழுந்து பறிக்கும் வேலை பெண்களுடையதாயிற்று. அவர்கள் கூடையை இறக்கும் இடத்துக்குத் தராசும் வந்து சேர்ந்தது.

அந்தத் தராசின் அதிகாரம் சாமானியமானதன்று. மலையிலிருந்து இறங்கும் பெண்ணின் கொழுந்தைக் கங்காணி நிறுப்பார். சாக்கின் எடைக்கும் இலையிலுள்ள ஈரத்துக்கும் கழிவு போக, மிஞ்சியது கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஏறி, பின்னர் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டுக்குப் போகும். விதித்த நிறை வந்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி; வராவிட்டால் அரைப்பேர்; மேற்பட்ட கிலோவுக்குத் தனிக் காசு. மழை நாளில் எவ்வளவு ஈரம் கழிக்கலாம் என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லாதபடியால், அந்தக் கழிவைக் குறித்துத் தொழிற்சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக முறையிட்டு வந்திருக்கின்றன. அம் முறையீடு முற்றும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் உயர்ந்த மலைப் பிரதேசத்தில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமாயிற்று. தொழிற்சாலைக்குள் செல்லும் அத்தனை இலையையும் பறித்துத் தந்தவளுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்னும் இந்த அநீதி, 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே நீங்கியது.

எடையைப் பேரால் வகுத்துக் கிடைப்பது உழைப்பின் உற்பத்தித்திறன். அது எளிய கணக்குத்தான். ஆயினும் கொழுந்துக்குக் காரணம் கைகள் மாத்திரமே என்பதுபோல் அது பேசுகிறது. 1957ல் பொருளியலாளர் ராபர்ட் சோலோவும், 1961ல் ஜான் கென்ட்ரிக்கும் வேறொரு மார்க்கத்தைக் காட்டினார்கள்: விளைவை உழைப்பால் மட்டுமன்றி, மூலதனத்தையும் சேர்த்து வகுத்துப் பார்ப்பது. அவ்வாறே பிற இடுபொருள்களையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு மலையில் பத்துப் பேர் 160 கிலோ எடுக்கிறார்கள், கூலி 10,000 ரூபாய் என்று கொள்வோம். உரத்துக்கு 2,500 ரூபாய் செலவிட்டபின் அதே பத்துப் பேர் 200 கிலோ எடுத்தால், உழைப்பின் கணக்கில் ஆளுக்கு 16 கிலோ 20 ஆகிறது. கால் பங்கு உயர்வு. எல்லாக் காரணிகளையும் சேர்த்த கணக்கிலோ, ரூபாய்க்கு வந்த கொழுந்து முன்பிருந்த அளவேதான். உயர்வுக்குக் காரணம் கையன்று, உரமே.

தேயிலைச் செடியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிளைக்கன்று வகைகள் பழைய விதைச் செடிகளைவிட மிக அதிகமாகக் கொழுந்து கொடுப்பவை. ஆனால் வெள்ளைக்காரத் துரைமார் காலத்து விதைச் செடிகள், வேர் தளர்ந்து, நடுவில் வெற்றிடங்கள் விழுந்து, செங்குத்தான மலைகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கி மறுநடுகை செய்வதற்குப் பல வருஷ வருமானத்தை இழக்க வேண்டியிருப்பதால், கம்பெனிகள் அதைத் தள்ளிப்போட்டே வந்திருக்கின்றன. இளஞ்செடி மலையில் பறிப்பவளுக்கும் கிழச்செடி மலையில் பறிப்பவளுக்கும் தராசு ஒன்றே, விதித்த கிலோவும் ஏறக்குறைய ஒன்றே.

கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபாய் அடிப்படைக் கூலியோடு உற்பத்தித்திறன் ஊக்கத்தொகையாக 140 ரூபாய் சேர்க்கப்பட்டது. 2019 ஒப்பந்தம் அத் தொகையை நீக்கிவிட்டு, அடிப்படைக் கூலியை 700 ஆக்கியது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் தீர்மானப்படி நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது, பல தோட்டங்களில் விதித்த கிலோவும் கூடவே ஏறியது. சில வாரங்களுக்குள் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. தடை அவ்வாண்டு இறுதியில் நீங்கினாலும், பட்டினி கிடந்த செடி உடனே தேறவில்லை. 2021ல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022ல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கியது. செடியில் தளிர் இல்லாதபடியால், வழக்கம்போல் விடியலில் மலையேறி மாலைவரை நின்ற பெண்களுக்கு விதித்த கிலோ எட்டவில்லை. அன்றைய செக்ரோலில் அவர்களுக்கு விழுந்தது அரைப்பேர்.