கோழிக்கடையில் பேச வேண்டிய ஆங்கிலம்

1586இல் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. 'ஃபெமிலியர் டயலாக்ஸ்' என்று பெயர். எழுதியவர் ழாக் பெல்லோ, பிரான்சின் கான் நகரத்துக்காரர். அச்சிட்ட வோத்ரோலியேயும் பிரெஞ்சுக்காரர்தான். (அவரிடம் தொழில் பழகிய ரிச்சர்ட் ஃபீல்ட்தான் பிறகு ஷேக்ஸ்பியரின் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' நூலை அச்சிட்டார். அது தனிக்கதை.)

புத்தகம் அகதிகளுக்கானது. 1572இல் பாரிஸில் புனித பர்த்தலோமியு நாள் படுகொலை தொடங்கியது. பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளான ஹியூகனாட்டுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் பலர் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தார்கள். நிறைய பேருக்குக் கைத்தொழில் தெரியும். தொழில் கையில் இருந்தது, ஊர்ப் பேச்சுதான் வாயில் வரவில்லை.

பெல்லோ இவர்களுக்கு இலக்கணத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாளை எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்து உடுத்துவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, கோழிக்கடை, துணிக்கடை, மீன்கடை, கறிக்கடை, விருந்தாளிகளோடு சாப்பாடு, பிறகு பயணம், சத்திரம். கடைகளில் பேரம்தான் அதிகம். இந்த விலைக்குக் கொடுப்பாயா, மாட்டாயா என்று இழுத்துக்கொண்டே போகிறது. படிக்கும்போது எனக்கு உக்கடம் மீன் மார்க்கெட் ஞாபகம் வந்தது.

பக்கத்தின் அமைப்பைப் பார்த்ததும் அசந்துவிட்டேன். ஒரு பக்கம் ஆங்கிலம், இன்னொரு பக்கம் பிரெஞ்சு. கூடவே அதே ஆங்கில வாக்கியத்தை ஒரு பிரெஞ்சுக்காரன் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது: தமிழ் வாக்கியம், ஆங்கில வாக்கியம், பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் 'வேர் ஆர் யூ கோயிங்'. நானூறு வருஷம் கழித்தும் அதே மூன்று வரிசை!

அந்த உச்சரிப்பு வரிசை வெறும் வசதிக்காக மட்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். லண்டன்வாசிகள் எல்லோருக்கும் வந்தேறிகளைப் பிடிக்கவில்லை. பிழைப்பைப் பறிக்கிறார்கள், வாடகையை ஏற்றிவிடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. 1593இல் டச்சுக்காரர்களின் தேவாலயச் சுவரில் யாரோ ஒரு பாட்டை எழுதி ஒட்டினார்கள். கழுத்தை அறுப்போம் என்று அதில் மிரட்டல். அப்படிப்பட்ட ஊரில் மீன்கடையில் வாயைத் திறந்த உடனே இவன் யார் என்று தெரிந்துவிடுகிறது என்றால், உச்சரிப்பு என்பது கொஞ்சம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

நாங்கள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் படித்த ஆங்கிலத்தில் கடையே கிடையாது. ப்ளேஸ்மெண்ட் பயிற்சி, மதியம் இரண்டு மணி வகுப்பு. ட்ரெய்னர் ஒரு சீட்டை எடுக்கச் சொல்வார். செல்போன் வரமா சாபமா, நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையா, இப்படி ஏதாவது வரும். கறிக்கடைக்காரரிடம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்பதால் எங்களிடம் கேட்கப்பட்டது கருத்து மட்டும்தான். அதுவும் இரண்டு நிமிடக் கருத்து. எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, தடங்கல் இல்லாமல் வர வேண்டும்.

ஒருநாள் எனக்குக் கூட்டுக் குடும்பம் வந்தது. அன்பு, பகிர்தல், பெரியவர்களின் வழிகாட்டுதல் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். கைதட்டல்கூட கிடைத்தது.

அடுத்து எழுந்த பெண் அதிகம் பேசாதவள். எங்கள் வீட்டில் பதினோரு பேர், அம்மாதான் கடைசியில் சாப்பிடுவாள் என்று தட்டுத்தடுமாறி ஆரம்பித்தாள். பிறகு, "ஹாட் ஃபுட் ஷி நெவர் ஈட், சார்" என்றாள்.

"ஈட்ஸ்," என்று திருத்தினார் ட்ரெய்னர். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

பல வருஷம் அவர்மேல் கோபமாக இருந்தேன். ஆனால் அந்த வகுப்பு இல்லாவிட்டால், அறுபது பேர் முன்னால், அதுவும் தமிழில், அவள் இதைச் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை. தமிழில் அது வீட்டு விஷயம். இங்கே அது டாபிக்.